தட்டாதே, அண்ணா

சிறுத்தை பிடிக்க ஆள் வருகிறது என்று சொன்னார்கள். வந்து நின்றது ஓர் ஓட்டை ஓம்னி வேன். ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கினாள். கல்லூரியை முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். நான் அவளைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"ஆளுங்க எங்கம்மா?"

"நாங்கதான் அங்கிள் ஆளுங்க," என்றாள்.

பின்னாலிருந்து அவள் அண்ணன் இறங்கினான். நல்ல உயரம், கையில் மயக்க ஊசி போடும் துப்பாக்கி. அவனைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவன் பெயர் குணசேகர், அவள் பெயர் சங்கமித்ரா. கோலார் தங்கவயல்காரர்கள். பாம்பு, குரங்கு, வெறிநாய், எது வந்தாலும் பெங்களூரு முழுக்க இந்த இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்களாம். எனக்கென்ன தெரியும்? நான் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்து, வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மெண்ட்டுக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசராக வந்து மாட்டிக்கொண்ட ஃபிராங்க்ளின். நான் பார்த்த பெரிய மிருகம் எங்கள் அசோசியேஷன் செயலாளர்தான்.

எங்கள் வளாகத்தில் மூன்று டவர்கள். இரண்டில் குடியிருக்கிறார்கள். மூன்றாவது பாதியில் நிற்கிறது, அடியில் இரண்டடுக்குக் கீழ்த்தளம். ஏப்ரல் வந்தால் எங்களுக்கு டேங்கர் தண்ணீர்தான் கதி. இந்த வருஷம் டேங்கரும் கிடைக்காமல் மூன்றாவது டவரின் பக்கத்திலேயே போர்வெல் போட்டார்கள். போட்டார்கள் போட்டார்கள், பாதாளத்துக்கே போட்டார்கள். கடைசியில் தண்ணீர் வரவில்லை. ஆவி பறக்கக் கறுப்புச் சேறு பொங்கி வந்தது. ரிக் லாரிக்காரன் பழனிச்சாமி, எதற்கும் அசராத ஆள், குழாய்களைக்கூட முழுசாகக் கழற்றாமல் ஓடிப்போனான்.

அதற்குப் பிறகுதான் நாய்கள் காணாமல் போயின.

வனத்துறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், கால்தடமே இல்லை என்று போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் தினம் ஒரு சிறுத்தை. எங்கள் மேனேஜர் அபினவ் சார்தான் இவர்களை வரவழைத்தார். நல்ல பையன். முப்பது வயதுகூட இல்லை. என் பெண்ணின் ஃபீஸுக்கு லீவு நாளில்கூட டியூட்டி போட்டுக் கொடுத்தவர்.

அபினவ் சாரையும் சேர்த்து நாங்கள் நால்வரும் மூன்றாவது டவரின் சரிவுப் பாதையில் இறங்கினோம். மதிய நேரம்தான். ஆனாலும் முதல் கீழ்த்தளத்தில் அரைவெளிச்சம், அதற்கும் கீழே, பம்ப் ரூம் இருக்கிற தளத்தில், சுத்த இருட்டு. சுட்ட செங்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த வாசனை. அதற்குள்ளே கருகிய முடி நாற்றம்.

மித்ரா மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். சிமெண்ட் தரையில் ஒரு பாய் அகலத்துக்குப் பட்டையாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தூண் ஒன்றில் நாய்ச் சங்கிலி தொங்கியது. சங்கிலியின் முனையில் கழுத்துப்பட்டை, பட்டைக்குள் தலை. மற்றதெல்லாம் இல்லை. அறுபட்ட இடம் கருகி மூடியிருந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மித்ரா திரும்பி, சுவரோரம் சுகமாகப் படுத்திருந்த பூனைகளைப் பார்த்தாள்.

"அண்ணா, இது சிறுத்த இல்ல," என்றாள். "பாரு, பூனைங்க எல்லாம் சொகமா கீது. நாய்ங்க மட்டும்தான் போயிருக்குது. எந்த சிறுத்த பூனைய வுட்டு வைக்கும்?"

"அப்போ இன்னாது?"

"தெர்ல. அதான் பயமா கீது. இன்னிக்கி வேணாம், போயிட்டு வலையோட வரலாம்."

குணா சிரித்தான். "பயந்தாங்கொள்ளி. நீ இங்கயே நில்லு. நானும் சாரும் கீழ பாத்துட்டு வரோம்."

"எப்பவும் இதே. புடிக்கிறது நீ, சாக்கு தூக்கறது நானு."

அவள் முகம் கடுகடுவென்று ஆனது. தங்கவயலின் சயனைடு கழிவு மண் மேடுகளில் கவட்டை வைத்து முயல் அடித்து வளர்ந்தவள் அவள். குறி பார்ப்பதில் அண்ணன் அவள் கால் தூசிக்கு வரமாட்டான் என்று பின்னால் அவனே சொன்னான். ஆனால் அன்று அவன் பேச்சைத் தட்டாமல் என்னோடு நின்றாள். டார்ச் வெளிச்சம் சரிவில் இறங்கி, திரும்பி, மறைந்தது.

கொஞ்ச நேரம் அபினவ் சாரின் ஷூ சத்தம் மட்டும் கேட்டது. டக், டக், டக்.

பிறகு ஓர் இரும்புக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

பிறகு ஓட்டம்.

அபினவ் சார் இருட்டிலிருந்து சரிவில் ஏறி ஓடி வந்தார். சட்டையில் ஒரு கையே இல்லை. அந்தப் பக்கத்துக் கை முழங்கை வரை வெந்து தோல் தொங்கியது. "ஃபிராங்க்ளின்! மேல போங்க! மேல..."

அவர் காலடியில் தரை நெளிந்தது.

தரை என்றுதான் முதலில் நினைத்தேன். சிமெண்ட் நிறம், தரையோடு தரையாக ஒட்டியிருந்தது, ஒரு கார் கவர் அளவு அகலம். அதற்குத் தலையும் இல்லை, கண்ணும் இல்லை. ஓரங்கள் மட்டும் அடுப்புக் கரிபோல உள்ளுக்குள் சிவந்து சிவந்து அணைந்தன. அது அவர் பாதங்களில் ஏறியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒரு குழந்தையைத் துணியில் சுற்றுவது போலப் பக்குவமாகச் சுற்றியது.

பிறகு இறுக்கியது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. பச்சைக் கரும்பை யாராவது முறித்தால் இப்போதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் வாயிலிருந்து ரத்தமும் ஆவியும் சேர்ந்து வந்தன. கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இடுப்புக்கு மேலே மட்டும் தரையில் சரிந்து விழுந்தார்.

நான் கத்தினேன். "மாதாவே, மாதாவே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கால் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. அது என்னை நோக்கி வழிந்து வந்தது. என் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கால் முடி பொசுங்கியது. நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்தில் வழிந்து, ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போனது.

மித்ரா அசையாமல் அதையே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அதுக்குக் காது இல்ல அங்கிள். எவ்ளோ வேணா கத்துங்க. காலு மட்டும் அசைக்காதீங்க. தரை அதிர்றதுதான் அதுக்குத் தெரியுது. அதான் பூனைங்க பொழச்சுதுங்க."

அப்போதுதான் அது கேட்டது.

டங்.

சுவரோரம் தீயணைப்புக்காக ஓடும் சிவப்புக் குழாய். அது கீழிருந்து ஒலித்தது.

டங். டங்.

மித்ராவின் முகம் மலர்ந்தது. அந்த நிலைமையில் ஒரு முகம் அப்படி மலரும் என்று நான் நினைத்ததே இல்லை. "அண்ணன்! அண்ணன் உயிரோட கீறான்! பம்ப் ரூம்ல பூந்து கதவ சாத்திக்கினான்!"

அவர்களுடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. தங்கவயலில் பாறை சரிந்து ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் கத்திப் பயனில்லை. காற்றுக் குழாயில் தட்டுவார்கள். வெளியே இருப்பவன் உடனே பதிலுக்குத் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால், மேலே எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்று உள்ளே இருப்பவன் மனம் செத்துப்போவான். சுரங்கம் மூடி எத்தனையோ காலமான பிறகும் அந்த வீட்டுப் பிள்ளைகள் இதை விடவில்லை. கிணறு, சாக்கடை, எதில் இறங்கினாலும் தட்டு, பதில் தட்டு. அவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

அவள் இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவி, எதையும் யோசிக்காமல் குழாயில் ஓங்கித் தட்டினாள்.

டங். டங்.

கீழே ஒரு கணம் அமைதி. பிறகு அவன் விடாமல் தட்டத் தொடங்கினான். டங், டங், டங், டங்.

"ஏம்மா நிறுத்த மாட்டேங்கறான்?" என்று கேட்டேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பதில் வந்துட்டா விடாம தட்டணும் அங்கிள். தோண்டறவங்களுக்குத் திசை தெரியணும்ல. நைனா அப்டிதான் சொல்லிக் குடுத்தாரு." குரல் உடைந்தது. "நான் தட்டியிருக்கக் கூடாது. ஐயோ, நான்தான் அவனத் தட்ட வச்சேன்."

தூணைச் சுற்றிக்கொண்டிருந்தது அது. இப்போது குழாயோடு ஒட்டிக்கொண்டது. குழாயின் சிவப்புச் சாயம் கொப்பளித்து உரிந்தது. அப்படியே குழாய் வழியாகக் கீழே வழிந்தது.

"அண்ணா! தட்டாத! தட்டாதண்ணா!"

இரும்புக் கதவுக்குப் பின்னால், நிலத்தடியில், அவனுக்கு எப்படிக் கேட்கும்? அவள் தொண்டை கம்மும் வரை கத்தினாள். டங், டங், டங். தங்கை வந்துகொண்டிருக்கிறாள் என்ற நம்பிக்கையில் அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு கதவு கிழிந்தது. தகரத்தைக் கையால் கிழிப்பது போலக் கிழிந்தது. குணாவின் அலறல் அந்தக் கட்டடம் முழுக்க ஏறி வந்தது.

மித்ரா அழவில்லை. காலிலிருந்து ஷூவைக் கழற்றி எறிந்தாள். "அது இப்போ அவனண்ட கீது. அதவிடப் பெருசா ஏதாவது அதிரணும். இங்க இன்னா கீது அங்கிள்? யோசிங்க!"

யோசிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? ஆனாலும் வாய் தானாகச் சொன்னது. மூலையில் சாமான் ஏற்றும் லிஃப்ட் இருந்தது. வேலை நின்ற நாளிலிருந்து நாலாவது மாடியில் சாலிட் பிளாக் கான்கிரீட் கற்களின் சுமையோடு அந்தரத்தில் தொங்கியது. கம்பியைச் சுற்றும் வின்ச் மேலே, தரைமட்டத்தில். அதன் பிரேக் லிவரை விட்டால் மொத்தச் சுமையும் நேரே இந்தக் கீழ்த்தளத்துக் குழிக்குள் வந்து விழும். அதை இறக்கச் சொல்லி நான் கத்தாத நாளில்லை.

அவள் குழியைப் பார்த்தாள். அடியில் கனத்த இரும்புத் தகடு. பக்கத்துக் குவியலில் ஒரு சம்மட்டியும் கடப்பாரையும் கிடந்தன.

"போங்க. பூட்ஸ கழட்டிட்டு, பூனையாட்டம் போங்க. நான் கூப்ட்டா வுடுங்க. நான் உள்ள கீறேனா இல்லியான்னு பாக்காதீங்க. வுடுங்க."

"ஏய், பைத்தியமா உனக்கு? நான் எப்படிம்மா..."

"அவன் என் அண்ணன் அங்கிள்."

நான் ஓட்டை விழுந்த சாக்ஸோடு சரிவில் ஏறினேன். ஒவ்வோர் அடியையும் வைத்து எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வின்ச்சை அடைந்து, லிவரைப் பிடித்துக்கொண்டு, குழியின் வாயில் எட்டிப் பார்த்தேன். கீழே அவள் சிறியதாகத் தெரிந்தாள்.

சம்மட்டியை ஓங்கி இரும்புத் தகட்டில் அடித்தாள்.

என் பற்கள் அதிர்ந்தன. மறுபடி. மறுபடி. அவள் அடித்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. தங்கவயலில் எத்தனை கெட்ட வார்த்தைகள் உண்டோ அத்தனையும் அன்று கேட்டேன்.

கீழே குணாவின் அலறல் நின்றது.

அவள் அடிப்பதை நிறுத்தவில்லை.

அது வந்தது. இருட்டிலிருந்து சிவப்பு ஓரங்கள் முதலில் தெரிந்தன. மெதுவாக வரும் என்று நினைத்தேன். பால் பொங்கி வழிகிற வேகத்தில் வந்தது. அவள் சம்மட்டியைத் தகட்டின் நடுவே எறிந்துவிட்டு, குழியோரத்துச் சாரக் குழாயில் தாவித் தொங்கினாள். அது குழிக்குள் கொட்டி, சம்மட்டியைச் சுற்றி இறுக்கியது. அதன் ஒரு விளிம்பு எழும்பி, தொங்குகிற அவளுடைய பாதத்தைத் தடவியது. தோல் சீறியது. அவள் காலை மடக்கிக்கொண்டு, பாதி உடம்பு குழிக்கு மேலே இருக்கும்போதே கத்தினாள்.

"வுடுங்க!"

மாதாவே, என்னை மன்னித்துவிடு என்று லிவரை விட்டேன்.

கம்பி விசிலடித்தது. சுமை என் முகத்தைக் காற்றால் அறைந்துவிட்டு இறங்கியது. அந்த அதிர்ச்சியில் நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்து பார்த்தபோது குழியிலிருந்து ஆவியும் கறுப்புச் சேறும் பீறிட்டுக்கொண்டிருந்தன. காதில் எந்த ஓலமும் கேட்கவில்லை. ஆனால் பல் வேர்களில் ஏதோ அலறியது. என் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

நான் தலைதெறிக்க இறங்கினேன். மித்ரா உயிரோடு இருந்தாள், சுமை விழும் முன் வெளியே தாவிவிட்டிருக்கிறாள். பிளாக் குவியலுக்கு அடியிலிருந்து பிதுங்கிய சிவப்பு ஓரம் இன்னும் துடித்துத் துடித்து எழ முயன்றது. அவள் கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து அதில் குத்தினாள். பிடுங்கி மறுபடி குத்தினாள். கொதிக்கும் சேறு தெறித்து அவள் கன்னமும் கையும் கொப்பளித்தன. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சிவப்பு முழுசாக அணைந்து, வெறும் கரும்பாறையாக ஆன பிறகும் குத்திக்கொண்டிருந்தாள். நான்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து நிறுத்தினேன்.

பம்ப் ரூமில் குணா சுவரில் சாய்ந்து கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வெட்டு கருகி மூடியிருந்தது, அதனால்தான் உயிர் தங்கியது. கண்கள் செருகியிருந்தன. கையில் மட்டும் ஒரு கல். அந்தக் கை தானாக எழுந்து, குழாயை மெல்லத் தொட்டு விழுந்தது. எழுந்து, தொட்டு விழுந்தது.

மித்ரா அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "போதும்ண்ணா. வந்துட்டேன். தட்டாத, தட்டாத." அப்போதுதான் அவள் அழுதாள்.

போர்வெல் வாயுவின் அழுத்தத்தில் நடந்த விபத்து என்று போலீஸில் எழுதினார்கள். அபினவ் சாரின் அம்மாவிடம் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிளாக்குகளை அகற்றிப் பார்த்தபோது உடைந்த கற்கள் மட்டும் இருந்தன; குணாவின் கால் எங்கேயும் கிடைக்கவில்லை. போர்வெல்லில் லாரி லாரியாகக் கான்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள்.

குணா பிழைத்தான். அவனுக்கு ஆஸ்பத்திரியில் தரைத்தள வார்டு. டியூட்டி முடித்துப் போகும்போதெல்லாம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். மித்ரா அவனுக்குச் சோறு ஊட்டுவாள், திட்டுவாள், சிரிக்கவைப்பாள். இனிமேல் பிடிப்பது அவள், சாக்கு தூக்குவது அவன் என்று பேச்சு. அவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும்.

ஒருநாள் அவன் சோற்றைத் தள்ளிவிட்டான். "மித்ரா, அந்தக் காலு கீதே..."

"எந்தக் காலு?"

"போன காலு. சூடு தெரியுது. யாரோ அதத் தூக்கினு போற மாதிரி. இன்னிக்கி ரொம்ப ஆழத்துல கீது, காதெல்லாம் அடைக்குது."

டாக்டரைக் கேட்டோம். துண்டான உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை நினைக்கும், எல்லோருக்கும் உண்டு, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்றார். நிம்மதியாக இருந்தது. ஆனால் குணா தினமும் சொல்ல ஆரம்பித்தான். இப்போது பக்கவாட்டில் போகிறது. இப்போது நிற்கிறது. இப்போது ஈர மண். முந்தாநாள் அவன் எதுவும் சொல்லவில்லை. மித்ராவின் கையை மட்டும் விடவே இல்லை.

நேற்று மத்தியானம் நான் போனபோது வார்டு வெளிச்சமாக இருந்தது. நர்ஸ் குளோரியா பக்கத்துப் படுக்கைக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். குணா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"மேல வந்துடுச்சி," என்றான்.

"இன்னாண்ணா?"

"கட்டிலுக்கு அடியில கீது. காலப் புடிச்சினு கீது, மித்ரா."

கால் இல்லாத பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உப்பியது. முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால், கணுக்கால், ஐந்து விரல்கள். மித்ரா போர்வையை உருவினாள். அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் மெத்தைதான், ஒரு காலின் அளவுக்கு அமுங்கியிருந்தது.

குணாவின் உடல் ஒரு சாண் கீழே சரிந்தது.

"விடாத," என்றான். "மித்ரா, விடாத."

அவள் அவன் அக்குளுக்கடியில் கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "புடிங்க அங்கிள்!" நான் ஆரஞ்சுப் பையைப் போட்டுவிட்டு அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். குளோரியாவும் ஓடி வந்து என் பெல்ட்டைப் பிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் காலை ஊன்றி, முழு பலத்தோடு பின்னால் இழுத்தோம்.

எங்கள் எல்லோரையும் சேர்த்து அது ஒரு சாண் இழுத்தது.